டர்போ ஆறும் வரை

என் பேத்தி பிறந்ததும் செய்த முதல் காரியம், என் சோபாவைப் பிடுங்கியது. கண்ணைக்கூட முழுசாகத் திறக்காத வயதிலேயே இந்த அதிகாரம். வளர்ந்தால் ஊர் தாங்குமா தெரியவில்லை.

நான் நகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். படிப்பு கொஞ்சம்தான், முகம் பார்த்தது நிறைய. அத்தனை முகத்திலும் இவள் முகத்துக்கு ஈடாக ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை என்று சொன்னால், என் வீட்டுக்காரி, "உங்ககிட்ட சில்லறை கேட்டுச் சண்டை போடாத முதல் முகம் இதுதான், அதான் அப்படித் தெரியுது" என்கிறாள். சொல்லட்டும். அவளும் ராத்திரி பகல் பார்க்காமல் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு இருக்கிறாள்.

சோபா போன கதையைச் சொல்வதென்றால் என் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வதென்றால் அவர் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காரை எடுத்துவிட்டால் மாப்பிள்ளையில் சட்டையும் செருப்பும்தான் மிஞ்சும்.

அவருக்குப் பல் செட் செய்கிற வேலை. பல் டாக்டர் வாயில் அச்செடுத்து அனுப்புவார். இவர் ஒரு சின்ன அறையில் விளக்கடியில் குனிந்து உட்கார்ந்து, அதைத் தேய்த்துத் தேய்த்துப் பல்லாக்குவார். அக்கம்பக்கத்தில் பாதிக் கிழவர்கள் சிரிப்பது இவர் தயவில்தான். இவர் மட்டும் சிரிக்க மாட்டார். பேசவும் மாட்டார். நாளெல்லாம் அச்சில் திறந்த வாய்களையே பார்த்து, வாய் என்றாலே வெறுத்துப்போய்விட்டது போல.

கார் என்று பார்த்தால் சின்னதுதான். இரண்டே கதவு. முதுகு சரிந்து, மூக்கு நீண்டு, தரையை முகர்ந்துகொண்டு போகிற மாதிரி இருக்கும். கூப்பே என்கிறார்கள். நாலு பேர் உட்காரலாம் என்று பத்திரத்தில் போட்டிருக்கிறதாம். பத்திரத்தில் எதை வேண்டுமானாலும் போடலாம். பின்னால் உட்காருகிற இரண்டு பேரும் காலைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு அவர் முதன்முதலில் வந்த நாளை மறக்க முடியாது. பெண் கேட்டு வருகிறவர் என்று நானும் வீட்டுக்காரியும் மகளும் வாசலில் வரிசையாக நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தோம். கார் வந்து நின்றது. ஆள் இறங்கவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது, உள்ளே அவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். எங்களுக்குச் சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்துவிட்டது.

"பையனுக்கு வெக்கம் போல" என்றாள் வீட்டுக்காரி.

"வெக்கப்படுறவன் இவ்வளவு சத்தம் போடுற வண்டியிலயா வருவான்? மனசு மாறித் திரும்பிப் போகலாமான்னு யோசிக்கிறான்" என்றேன் நான்.

ஒருவழியாக இன்ஜினை அணைத்து இறங்கி வந்தார். வந்து சொன்ன முதல் வார்த்தை வணக்கம்கூட இல்லை. "டர்போ ஆறணும் மாமா, அதான்."

டர்போ என்ன என்று அன்றைக்கே விளக்கினார். அவர் அத்தனை பேசியது அதுதான் முதல் தடவை. இன்ஜினிலிருந்து வெளியேறுகிற புகையை வைத்தே ஒரு குட்டிக் காற்றாடியைச் சுற்ற வைக்கிறார்கள். அந்தக் காற்றாடி வெளிக்காற்றை இன்ஜினுக்குள் அடைத்து அடைத்துத் தள்ளுகிறது. சின்ன இன்ஜின், பெரிய இன்ஜின் மாதிரி இழுக்கிறது. எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. நிறைந்த வண்டியில் "உள்ள போ, உள்ள போ, நடுவுல காலியாத்தான் இருக்கு" என்று நான் காலமெல்லாம் செய்த வேலையை இங்கே ஒரு காற்றாடி செய்கிறது. ஒரே வித்தியாசம், அதற்குச் சூடானால் ஆற நேரம் கொடுக்கிறார்கள். வேகமாக ஓட்டிவிட்டு உடனே அணைத்தால் உள்ளே எண்ணெய் கருகிக் காற்றாடி கெட்டுவிடுமாம். எனக்குச் சூடானபோது என்னை யார் ஆற விட்டார்கள்?

கல்யாணம் ஆனது. மகளுக்கு வாய்த்தது புருஷன் மட்டுமில்லை என்று போகப் போகத்தான் தெரிந்தது. காரை அவர் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியிருந்தார். அதனால் அதுதான் மூத்தது, தான் இரண்டாவதாக வந்தவள் என்று என் மகள் அதை "அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

"ஏம்மா, மாப்பிள்ளை எங்க?"

"அக்காவுக்கு எண்ணெய் மாத்தப் போயிருக்காருப்பா. எனக்குத் தலைவலின்னா ஒரு மாத்திரை. அக்காவுக்கு இருமல்னா ஊரையே கூட்டிடுவாரு."

மகள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். மாத்திரை அவளே எடுத்துக்கொள்வாள். அக்காவுக்குத்தான் கை கால் கிடையாதே, பாவம்.

அக்காவுக்கு நடந்த சிகிச்சைகளைச் சொல்லி மாளாது. வண்டியோடு வந்த சைலன்சரைக் கழற்றி, சத்தம் போடுகிற சைலன்சர் போட்டார். பேர் மட்டும் சைலன்சர். காரைத் தரையோடு தரையாக இறக்கினார். அதிலிருந்து வேகத்தடையை நேராக ஏற முடியாது, அடி தட்டும். சாலையை அடைத்துக்கொண்டு குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக, நண்டு மாதிரி ஏறி இறங்க வேண்டும். இன்ஜினைத் தாங்குகிற ரப்பரை எடுத்துவிட்டுக் கல் மாதிரி ரப்பர் வைத்தார். வண்டி சும்மா நிற்கும்போதே உட்கார்ந்திருக்கிறவர் தாடை தடதடவென்று ஆடும். "இன்ஜின் அசையாம இருந்தாத்தான் மாமா, பவர் வீணாகாது" என்றார். இன்ஜின் அசையவில்லை, நாங்கள் அசைந்தோம்.

எல்லாவற்றையும் செய்தது ஒரே மெக்கானிக். எதைக் கேட்டாலும் "நாளைக்கு" என்பதால் அவர் பேரே நாளைக்கு ஆகிவிட்டது. மாப்பிள்ளை விடுமுறையெல்லாம் நாளைக்கின் கொட்டகையில்தான். பல் செட்டைத் தேய்க்கிற கருவியைக் கொண்டுபோய்க் காற்று போகிற குழாயின் உட்புறத்தைக் கண்ணாடி மாதிரித் தேய்ப்பாராம். யாரோ ஒரு தாத்தா பொக்கைவாயோடு காத்திருப்பார், குழாய் பளபளக்கும்.

கடைசியாக எடையைக் குறைக்கிறேன் என்று பின் சீட்டைக் கழற்றினார். முன்னால் இருந்த இரண்டு நல்ல சீட்டையும் கொட்டகையில் போட்டுவிட்டு, பந்தயக் காரில் இருக்கிற மாதிரி தொட்டி சீட் மாட்டினார். விழுந்தால் எழுந்திருக்க முடியாது. பின் சீட்டைத் தூக்கிப் போட மனசில்லாமல் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் மரச்சட்டத்தில் நாலு கால் அடித்துப் பொருத்தி, வீட்டுக்காரி பூப்போட்ட உறை தைத்து, டிவிக்கு எதிரில் போட்டோம். அட்டகாசமான சோபா. அந்தக் காரில் வசதியாக உட்கார்ந்த ஒரே மனுஷன் நான்தான், அதுவும் கார் இல்லாமல்.

மகள் எல்லாவற்றையும் திட்டுவாள். சத்தத்தைத் திட்டுவாள், குலுக்கலைத் திட்டுவாள், தொட்டி சீட்டைத் திட்டுவாள். ஒன்றே ஒன்றை மட்டும் அவள் திட்டி நான் கேட்டதில்லை. சாயங்காலம் கடையிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு வருவார். வாசலில் கார் நிற்கும். டர்போ ஆறும் வரை இரண்டு பேரும் உள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். ஒரு தடவை நான் அவர்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். நம்ப மாட்டீர்கள், மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார். கையை ஆட்டி ஆட்டி. காற்றாடியைப் பற்றித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு மகள் உண்டானாள். வயிறு வளர வளரத் தொட்டி சீட் சுருங்கியது. அப்படியும் விடாமல் தினமும் அதில்தான் வந்தாள். ஒரு நாள் வாசலில் உள்ளே மாட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை ஒரு கையை இழுக்க, நான் ஒரு கையை இழுக்க, கிணற்றில் விழுந்ததைத் தூக்குகிற மாதிரி வெளியே எடுத்தோம். அடுத்த நாளிலிருந்து பஸ்ஸில் போனாள். எனக்குப் பெருமையாக இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

வலி வந்த அன்று நாங்கள் வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். மாப்பிள்ளை பின்னால் வருகிறேன் என்றவர் எங்களைத் தாண்டிச் சீறிக்கொண்டு போனார். பரவாயில்லை, பாசம் என்று நினைத்தேன். நாங்கள் போய் இறங்கினால், ஆஸ்பத்திரி வாசலில் கார் நிற்கிறது. இன்ஜின் ஓடுகிறது. உள்ளே மாப்பிள்ளை, இரண்டு கையும் மடியில்.

நான் கண்ணாடியைத் தட்டினேன். "இறங்கலீங்களா மாப்பிள்ளை?"

"ரெண்டே நிமிஷம் மாமா. வேகமா வந்தேன்ல, நல்ல சூடு."

மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் வேர்வை. அந்த நிலையிலும் குனிந்து கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தாள்.

"அக்காவுக்கு மூச்சு வாங்குதாங்க?"

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பதறி அணைத்துவிட்டு, தொட்டி சீட்டிலிருந்து உருண்டு விழாத குறையாக இறங்கினார்.

"இல்லம்மா, பழக்க தோஷம்..."

"இப்ப சொல்றேன், எங்கப்பா சாட்சி" என்றாள் மகள், ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில். "நாலு பேர் போற வண்டின்னு பத்திரத்துல இருக்குன்னு சொல்லுவீங்கல்ல? நம்ம புள்ள இந்த வண்டியிலதான் வீட்டுக்கு வரணும். பின்னாடி, பாப்பா சீட்டுல. நம்ம வாசல்ல இறங்குற வரைக்கும் ஒரு சத்தம், ஒரே ஒரு சத்தம் அழக் கூடாது. அழுதா, பல் டாக்டர் ரொம்ப நாளா அக்காவ விலைக்குக் கேக்குறாரில்ல? அவருகிட்டயே குடுத்துடுங்க. அப்புறம் பேச்சே கிடையாது."

"சரிம்மா" என்றார் மாப்பிள்ளை. என்ன சொல்லியிருந்தாலும் அப்போது சரி என்றுதான் சொல்லியிருப்பார். அவரைச் சும்மா சொல்லக் கூடாது, அதற்குப் பிறகு அந்த வராந்தாவை விட்டு நகரவில்லை. பேத்தி பிறந்தாள். கைக்கு வந்ததும் அவர் முதலில் பார்த்தது வாயைத்தான்.

"பல்லே இல்ல மாமா" என்றார், கண்ணில் தண்ணீரோடு.

"வரும் மாப்பிள்ளை. இது தானாவே வரும், நீங்க செய்ய வேணாம்" என்றேன்.

அப்புறம்தான் அவர் அந்த நிபந்தனையைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். பாப்பா சீட் மாட்டப் பின் சீட் வேண்டும். பின்னால் ஆள் ஏறி இறங்க, மடங்குகிற பழைய முன் சீட் வேண்டும். குழந்தை தூங்கப் பழைய சைலன்சர் வேண்டும். வேகத்தடையில் தூக்கிப் போடாமல் இருக்க உயரம் வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், இத்தனை வருஷம் கஷ்டப்பட்டுக் கெடுத்ததையெல்லாம் மகள் ஆஸ்பத்திரியை விட்டு வருவதற்குள் சரிபண்ண வேண்டும்.

நானும் கூடவே நாளைக்கின் கொட்டகைக்குப் போனேன். விஷயத்தைக் கேட்ட நாளைக்கு கையைத் துடைத்துக்கொண்டு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"வண்டிய வண்டியாக்கணும்னு சொல்றீங்க" என்றார்.

"ஆமாண்ணே. எப்ப முடியும்?"

"இன்னிக்கே ஆரம்பிச்சுடலாம்."

கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை அதற்கு முன் வந்ததில்லை.

அன்று சாயங்காலமே மாப்பிள்ளையும் நாளைக்கும் எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் நின்றார்கள். நான் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, கொஞ்சம் எழுந்திரிக்கிறீங்களா?"

எழுந்தேன். சோபா போனது. பூப்போட்ட உறையைக் கழற்றக்கூட நேரமில்லை, அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள். வீட்டுக்காரி மிஞ்சிய மரச்சட்டத்தைக் காட்டி, "இதுமேல பலகை போட்டு உக்காருங்க, பேத்திக்காக இதுகூடச் செய்ய மாட்டீங்களா?" என்றாள். தரையில் உட்கார்ந்து மீதிச் செய்தியைப் பார்த்தேன்.

மகளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டிய நாள் காலையில் கொட்டகையிலிருந்து கார் வெளியே வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் அடையாளம் தெரியாமல், புதுக் காரா என்று கேட்டார்கள். உயரம் வந்திருந்தது, சத்தம் போயிருந்தது, பின்னால் பூப்போட்ட என் சோபா.

"எல்லாம் மாத்திட்டேன்" என்றார் நாளைக்கு. "இன்ஜின் ரப்பர் மட்டும் நேரம் பத்தல. அது நாளைக்கு."

"போச்சு" என்றார் மாப்பிள்ளை. "நின்னா தடதடன்னு ஆடுமே."

"நிக்காம போங்க" என்றார் நாளைக்கு.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பினோம். முன்னால் மாப்பிள்ளையும் மகளும். பின்னால் பாப்பா சீட்டில் பேத்தி, பக்கத்தில் நான். குழந்தையோடு ஒரு ஆள் பின்னால் இருக்க வேண்டும். வீட்டுக்காரி வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைக்கிறேன் என்று முந்திக்கொண்டு ஓடிவிட்டாள். முழங்கால் என் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. தலையைச் சாய்த்தால் கூரை, நிமிர்த்தினாலும் கூரை. ஆனால் மெத்தை பழகின மெத்தை.

மாப்பிள்ளை ஓட்டினார் பாருங்கள், தண்ணீர் நிறைந்த தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிற மாதிரி. எங்களைச் சைக்கிள்கள் தாண்டின. நடந்து போன ஒரு அம்மா எங்களைத் தாண்டிவிட்டுத் திரும்பிப் பரிதாபமாகப் பார்த்தாள். சிக்னல் சிவப்பாக இருந்தால் தூரத்திலிருந்தே ஊர்ந்து, நிற்காமலே பச்சையைப் பிடித்தார். டர்போவில் அந்தக் காற்றாடி ஒரு சுற்றுகூடச் சுற்றியிருக்காது. பேத்தியும் அசையவில்லை. வேகமே வேண்டாம் என்றால் இந்த மனுஷன் பேசாமல் ஒரு மாட்டுவண்டி வாங்கியிருக்கலாம்.

அவர்கள் தெருவுக்குள் திரும்பியாயிற்று. வீடு தெரிகிறது. வீட்டுக்குச் சற்று முன்னால் ஒரு வேகத்தடை. காரைத்தான் தூக்கியாயிற்றே, நேராக ஏறலாம். ஆனால் கை கேட்குமா? அவர் கை தானாகவே ஸ்டியரிங்கை ஒடித்துக் குறுக்கே நிறுத்தியது, பழைய நண்டு மாதிரி. பாதித் தெரு அடைபட்டது. கண்ணாடியில் பார்த்தால் பாப்பா சீட்டும் என் தலையும்தான் அவருக்குத் தெரிகிறது.

"மாமா" என்றார் காற்று மாதிரி, "பின்னாடி ஏதாச்சும் வருதா பாருங்க."

பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. தலையை ஆட்டியிருக்கலாம். விரலைக் காட்டியிருக்கலாம். ஆனால் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், டிரைவர் கேட்கிறார். வாழ்நாள் முழுக்க அந்தக் கேள்விக்கு என் உடம்பு சொன்ன பதில் ஒன்றுதானே. அடிவயிற்றிலிருந்து வந்தது.

"போலாம், ரைட்!"

பக்கத்துத் தகரத்தில் இரண்டு தட்டும் தட்டினேன்.

மாப்பிள்ளை கண்ணாடியில் என்னைப் பார்த்தார். சொந்த மாமனார் என்றுகூடப் பார்க்காத பார்வை. பேத்தி கண்ணைத் திறந்தாள். நெற்றி சுருங்கியது, கீழ் உதடு வெளியே வந்தது, முகம் தக்காளி மாதிரி சிவக்க ஆரம்பித்தது.

"அழலை, இன்னும் அழலை" என்று முணுமுணுத்துக்கொண்டே மாப்பிள்ளை தடையைத் தாண்டி, வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். நிறுத்தின வேகத்தில் கை சாவிக்குப் போனது. இந்தக் காரை வாங்கிய நாளிலிருந்து, நின்ற உடனே அணைக்க அவர் கை போனது அன்றைக்குத்தான். அணைத்து, கதவைத் திறந்து, குழந்தையைத் தூக்கி வாசலில் கால் வைத்துவிட்டால் அக்கா பிழைத்தாள்.

மகள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இருங்க. ஆறட்டும்."

"இல்லம்மா, இன்னிக்குச் சூடே ஆகல. டர்போ சுத்தவே இல்ல."

"தெரியும். ஆறட்டும்."

நான் பேத்தியைப் பார்த்தேன். நாளைக்கு மாற்றாமல் விட்ட ரப்பர் வேலையைக் காட்டிக்கொண்டிருந்தது. நின்ற வண்டி தடதடவென்று ஆட, பாப்பா சீட் ஆட, என் தாடை ஆட, அவள் நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. வெளியே வந்த உதடு உள்ளே போனது. நாளெல்லாம் இதையே கேட்டு வளர்ந்தவள் மாதிரி ஒரு கொட்டாவி விட்டாள். மாதிரி என்ன, கேட்டுத்தானே வளர்ந்தாள். சாயங்காலம் தவறாமல், இதே வாசலில், அம்மா வயிற்றுக்குள் இருந்துகொண்டு.

"தூங்கிட்டாளாப்பா?"

"தூங்கிட்டாம்மா."

மகள் சீட்டில் சாய்ந்துகொண்டாள். "ம், சொல்லுங்க" என்றாள் அவரிடம். "ரெண்டு மூணு நாளா நீங்க ஒண்ணுமே பேசலை."

அவர் பேச ஆரம்பித்தார். காற்றாடியைப் பற்றி இல்லை. குழந்தை மூக்கு யாருடையது, தொட்டிலை எந்தப் பக்கம் போடலாம், ராத்திரி யார் எழுந்திருப்பது, ஆஸ்பத்திரி வராந்தாவில் தனக்கு எவ்வளவு பயமாக இருந்தது. கையை ஆட்டி ஆட்டி. வாசலில் வீட்டுக்காரி துடைப்பத்தோடு வந்து நின்றாள். பெண் கேட்டு வந்த அன்றைக்கு மாதிரியே பல்லைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள், அப்புறம் கையை விரித்து, ஏன் இறங்கவில்லை என்று சைகையில் கேட்டாள். நான் வாயில் விரலை வைத்துக் காட்டினேன். கத்தின பாவத்துக்குப் பரிகாரம்.

"அப்ப பல் டாக்டர்கிட்ட என்ன சொல்றது?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"பல்லைப் பாக்கச் சொல்லுங்க" என்றாள் மகள்.

இது அவர்கள் விஷயம், பெரிய மனுஷனாக இறங்கிப் போய்விடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் இரண்டு கதவுக் காரில் பின்னால் இருக்கிறவன் இறங்க வேண்டுமென்றால் முன்னால் இருக்கிறவர்கள் முதலில் இறங்க வேண்டும். அவர்கள் இறங்குகிற மாதிரி தெரியவில்லை. சரி, என் சோபாதானே என்று காலை மடக்கிக்கொண்டு பேத்தியைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டேன். சோபா இனித் திரும்பி வராது என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.